சப்பட்டை மரத்துல கல்லாமை

உக்காருங்க சார், கட்டில்லயே உக்காருங்க. மேடமும் பிள்ளைகளும் ஆட்டுக்குட்டி பாக்கப் போயிருக்காங்க. எங்க வீட்டுக்காரி வள்ளி கூட இருக்கா, பயமில்ல. மோரைக் குடிங்க, நம்ம வீட்டு மோருதான். நீங்க ஏதோ கேக்கணும்னு வந்துட்டு, கேக்காம மரத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தெரியும் சார். அந்த ரிவ்யூவைப் படிச்சிட்டீங்க. இங்க வர்றவங்க முக்காவாசிப் பேரு அதைப் படிச்சிட்டுத்தான் வர்றாங்க. படிச்சிட்டே ரூமும் போடுறாங்க, அது வேற விசயம். அப்புறம் இதே கட்டில்ல உக்காந்து என் மூஞ்சியைப் பாக்குறாங்க, இவன் அப்படிப்பட்ட ஆளா இருப்பானான்னு.

'பெத்த அப்பனைக் குரங்காட்டம் ஆட வைக்கிறான். தயவுசெய்து இந்தத் தோப்புக்கு யாரும் போகாதீர்கள்.' இதான எழுதியிருக்கான்? எனக்கு மனப்பாடம். ஒத்தை நட்சத்திரம். அந்த ஒண்ணு கூட, போடாம விட முடியாதேன்னு போட்டிருக்கான். ஒரு மனுசனைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? நான் சொல்றேன், முழுசாச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க ஐயா பேரு சேவுகன். அப்பாவை நாங்க ஐயான்னுதான் கூப்பிடுறது. எழுபத்தாறு வயசு. நத்தத்துல மாங்கா யாவாரி எவனைக் கேட்டாலும் சேவுகன் தோப்புன்னா வழி சொல்லுவான். நீங்க பாக்குறீங்களே, இந்த மரம் அத்தனையும் அவரு வச்சது. எது எந்த வருசம் வச்சது, யாரு வீட்டுல இருந்து ஒட்டுக்கன்னு வாங்கிட்டு வந்தது, எது ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் காய்க்கும், எல்லாம் சொல்லுவாரு. அஞ்சு வருசமா மறதி. மொதல்ல கண்ணாடியை எங்க வச்சோம்னு மறந்தாரு. அப்புறம் சாப்பிட்டதை மறந்தாரு. அப்புறம் எங்கம்மா செத்துப்போனதை மறந்தாரு. கடைசியில என்னை மறந்தாரு. மாயழகுன்னு ஒரு மகன் இருக்கான்னு தெரியும் சார். ஆனா அந்த மாயழகுக்குப் பன்னெண்டு வயசு, பள்ளிக்கூடம் போயிருக்கான். நாப்பத்தெட்டு வயசுல தொந்தியோட முன்னாடி வந்து நிக்கிற ஆளைப் பாத்து, 'தம்பிக்கு எந்த ஊரு?'ம்பாரு.

ஆனா தோப்பை மறக்கல. இது என் தோப்பு, நான் இதுக்குக் காவல், அந்த ஒண்ணு மட்டும் கெட்டியா உக்காந்திருந்துச்சு. மதுரையில காட்டுன டாக்டரே சொன்னாரு, 'அவருக்கு இருக்குற பிடி இது ஒண்ணுதான், இது இருக்குற வரைக்கும் உங்கப்பா உங்கப்பாவா இருப்பாரு, கலைச்சிராதீங்க'ன்னு. நான் கலைக்கலையே சார். அதை வச்சுத்தான எல்லாமே பண்ணேன்.

அவருக்குக் களவாணின்னா அப்படி ஒரு பயம். அதுக்கு ஒரு கதை இருக்கு, கெஸ்ட் எல்லாருக்கும் மொதல்லயே சொல்லிருவேன், கதை தெரிஞ்சாத்தான் ரசிச்சுப் பாப்பாங்க. நான் ஏழாப்பு படிக்கிறப்ப, வைகாசி மாசம், காய் பழுக்குற நேரம். எங்கம்மாவுக்கு வயித்துவலின்னு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாள். திரும்பி வந்து பாத்தா தோப்பு மொட்டை. காயை எடுத்தது மட்டுமில்ல, கொப்பெல்லாம் ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிருந்தாய்ங்க. எங்க ஐயா ஒவ்வொரு மரமாப் போயி கட்டிப்பிடிச்சு அழுதாரு. ஒரு ஆம்பள அப்படி அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அதுக்கப்புறம் அவரு தோப்பை விட்டு வெளிய படுத்ததே கிடையாது. என் கல்யாணத்துக்கே, தாலி கட்டி முடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

சரி, விசயத்துக்கு வர்றேன். மாங்காயை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாதுன்னு நாலு வருசத்துக்கு முன்னாடி இந்த மூணு ரூமைக் கட்டுனேன். மரத்துல ஏறலாம், கெணத்துல குளிக்கலாம், மாட்டு வண்டியில போகலாம், வாழை இலையில நாட்டுக்கோழிச் சாப்பாடு. வந்தாங்க. வந்து ஒரு மணி நேரம் போட்டோ எடுப்பாங்க, அப்புறம் சிக்னல் இல்லன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. மரத்தை எத்தனை நேரம் பாக்க முடியும், சொல்லுங்க. சாயங்காலம் ஆனா 'வேற என்ன இருக்கு?'ன்னு கேப்பாங்க.

அப்பத்தான் பெங்களூர்ல இருந்து ஒரு கம்பெனிப் பொண்ணுங்க நாலு பேரு வந்தாங்க. அதுல ஒரு பொண்ணு, யாரையும் கேக்காம எட்டி ஒரு கல்லாமை மாங்காயைப் பிச்சிருச்சு. எங்க ஐயா அந்தப் பக்கம் படுத்திருந்தாரு. கொப்பு ஆடுற சத்தம் கேட்டா எந்திரிச்சிருவாரு சார், அந்தக் காது அப்படி. தொரட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு பாருங்க, 'யார்றா அது, களவாணிப் பயலுகளா!'ன்னு. வேட்டி அவுந்து தொங்குது, அதைக் கூடக் கட்டல. 'மாயழகு! ஓடியாடா! தோப்பைக் கொள்ளையடிக்கிறாய்ங்கடா, ஓடியாடா!'ங்கிறாரு. நான் ஓடித்தான் போனேன் சார். அன்னைக்கு நான் ஓடித்தான் போனேன். போயி அவரைப் பிடிச்சு உக்கார வச்சுட்டு, அந்தப் பொண்ணுங்ககிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு திரும்புனா, அதுங்க மரத்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குதுங்க. ஒரு பொண்ணு முழுசா வீடியோ எடுத்திருச்சு. 'அங்கிள், சூப்பர் அங்கிள், நாளைக்கும் பண்ணுவாரா?'ன்னு கேட்டுச்சு.

அந்த வீடியோ எங்கெங்கயோ போயிருச்சு. அதுக்கப்புறம் போன் எடுத்தா யாரும் ரூம்ல ஏசி இருக்கான்னு கேக்குறதில்ல. 'அந்தக் கோவக்காரத் தாத்தா இருப்பாரா?' இதான் கேள்வி. இருப்பாருன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

ஆனா நான் அதை ஏனோதானோன்னு பண்ணல. தொரட்டியில இருந்த அரிவாளை மொதல்ல கழட்டிட்டேன். வெறும் மூங்கில் கம்பு, நுனியில துணி சுத்தி வச்சேன், யார் மேலயும் பட்டுறக் கூடாதுன்னு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காய்தான், அதுக்கு மேல பறிக்கக் கூடாது. சனி, ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. மூணரைக்குக் காப்பி குடுத்து எழுப்பி விட்டுருவோம். சாயங்காலம் ஆனா பதட்டம் வருதுன்னு டாக்டரு ஒரு மாத்திரை எழுதியிருந்தாரு. அதைப் போட்டா ஆளு மந்தமாயிருவாரு, களவாணியைப் பாத்தாக் கூட 'வாங்க, சாப்பிட்டீங்களா?'ம்பாரு. அதனால சனி, ஞாயிறு மட்டும் நிப்பாட்டிட்டேன். மாத்திரையைக் குறைக்கிறது உடம்புக்கு நல்லதுதான? ஒரு தடவை வரப்புல தடுக்கி விழுந்து முழங்கால் வீங்கிருச்சு. மறுநாளே ஆள விட்டு அந்த வரப்பை வெட்டிச் சமமாக்கிட்டேன். பாதுகாப்பு விசயத்துல நான் குறை வைக்கிறதே இல்ல.

நான் அந்தா அந்த வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னு வீடியோ எடுப்பேன், போகும்போது கெஸ்டுக்கு அனுப்பி விடுறதுக்கு. 'மாயழகு மாயழகுன்னு கத்துறாரே, யாரு அது?'ன்னு கேப்பாங்க. நான்தான்னு சொன்னா ஒரே சிரிப்பு. சில பேரு அவரு கூடச் சேந்து, 'மாயழகு, ஓடியா!'ன்னு கத்துவாங்க. நல்லாத்தான் இருக்கும். நான் போகமாட்டேன். நான் போயிட்டா விளையாட்டு முடிஞ்சு போச்சே. அவரு ஒரு பத்து நிமிசம் கூப்பிடுவாரு. அப்புறம் மூச்சு வாங்கும், மரத்தடியில உக்காந்துருவாரு. 'பய வரலையே, பயலுக்கு என்ன ஆச்சோ'ன்னு முனகுவாரு. வள்ளி தண்ணி கொண்டு போயிக் குடுப்பா. அவ அந்த நேரத்துல வெளியவே வரமாட்டா, அடுப்படியிலயே உக்காந்திருப்பா. எல்லாம் முடிஞ்சு தண்ணிச் செம்போட மட்டும் வருவா. பொம்பளைகளுக்கு ரசனை கம்மி.

அரைமணி நேரம். அதுக்குள்ள எல்லாம் மறந்துரும் அவருக்கு. கெஸ்டைப் பாத்து, 'வாங்கய்யா, நம்ம தோப்புக் காய், சாப்பிட்டுப் பாருங்க'ன்னு அவரே அறுத்துக் குடுப்பாரு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மறுபடியும் புதுசு. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. ஞாபகத்துல நிக்காத கஷ்டம் ஒரு கஷ்டமா சார்? அதுக்கு நடக்குறாரு, ஓடுறாரு, ராத்திரி நல்லாச் சாப்பிடுறாரு. அவரு வயசுக்காரங்க எத்தனை பேரு கட்டில்ல கெடந்து புண்ணு வச்சு சாகுறாங்க. என் அப்பன் தொரத்திக்கிட்டு இருந்தாரு!

இது என் தங்கச்சிக்குப் பொறுக்கல. பூமயில்னு பேரு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. வீடியோவை எவனோ காட்டியிருக்கான். போன வருசம் ஆனி மாசம், ஒரு சனிக்கிழமை காலையில பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஐயா பக்கத்துல உக்காந்து நகம் வெட்டி விட்டா, தலைக்கு எண்ணெய் வச்சு விட்டா. அவளையும் அவருக்கு அடையாளம் தெரியல, ஆனா சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. மரம் மரமா கூட்டிட்டுப் போயி, இது காசாலட்டு, இது சப்பட்டைன்னு சொல்லிக் குடுத்தாரு. சரி, ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்னு நானும் சும்மா இருந்தேன். நாலு மணி ஆச்சு. கோயமுத்தூர்ல இருந்து வந்த குடும்பம், ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சவங்க, எல்லாரும் போனைத் தயாரா வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இவ குறுக்க வந்து நிக்கிறா. 'எவனாவது காய்ல கை வச்சீங்கன்னா பாருங்க'ங்கிறா. வந்த கெஸ்டைப் பாத்து!

அதோட விட்டாளா? 'வாங்கய்யா, நம்ம வீட்டுக்குப் போவோம்'னு அவரு கையைப் பிடிச்சா. அவரும் நடக்க ஆரம்பிச்சுட்டாரு சார், எங்க போறோம்னு கூடக் கேக்காம. வாசல் கேட்டுப் பக்கம் போயிட்டாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. இத்தனை வருசம் குளிப்பாட்டி, சோறு போட்டு, பீ மூத்திரம் அள்ளி வச்சிருக்கிறவன் நான். இவ ஒரு நாள் வந்து நகம் வெட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிருவாளா? வாயில வந்ததைச் சொன்னேன். 'ஐயா! திருட்டுப் பொம்பள! உங்களை ஆஸ்பத்திரிக்குன்னு கூட்டிட்டுப் போயிட்டு, தோப்பைக் காலி பண்ணப் போறா!' சும்மா ஒரு விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

அவரு கையை உதறுனாரு பாருங்க. அப்படியே குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தாரு. 'அன்னைக்கும் ஆஸ்பத்திரின்னுதாண்டி கூட்டிட்டுப் போனீங்க!' ஒரே எறி. அவளுக்குப் புருவத்துக்கு மேல பட்டு, ரத்தம் வழிஞ்சு ரவிக்கையெல்லாம் ஆயிருச்சு. கெஸ்டெல்லாம் இதுவும் சேத்துத்தான்னு நினைச்சுக் கை தட்டிட்டாங்க, பாவம், அவங்களுக்கு என்ன தெரியும். பூமயில் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு ஐயாவையே பாத்துக்கிட்டு நின்னா. என்னைத் திட்டுவான்னு பாத்தேன். மண்ணை வாரித் தூத்துவான்னு பாத்தேன். பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, திட்டியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வீட்டு விசேசத்துக்குப் போனா எவனும் என்கிட்ட முகங்குடுத்துப் பேசுறதில்ல. பெரியகுளத்துச் சின்னம்மா வீட்டுக் கல்யாணத்துல பந்தியில என் பக்கத்து எலையில உக்காந்தவன் எந்திரிச்சு வேற எலைக்குப் போயிட்டான். கல்லை விட்டது ஐயா. கெட்ட பேரு எனக்கு.

மோரு அப்படியே இருக்கு சார். குடிங்க.

இனிமேத்தான் அந்த ரிவ்யூக்காரன் கதை. ஆகஸ்ட் பதினஞ்சு. மூணு நாள் சேந்தாப்புல லீவு, மூணு ரூமும் நிறைஞ்சு போச்சு. ஆனா ஆடி முடியப் போகுது, மரத்துல காய் கிடையாது. எல்லாம் இறக்கியாச்சு. காய் இல்லாம எதைக் களவாங்குறது? வந்தவங்களுக்குத் தாத்தா வேணும், தாத்தாவுக்குக் களவாணி வேணும், களவாணிக்குக் காய் வேணும். யோசிச்சேன். நத்தம் மண்டியில கடைசி வரத்துல ஒரு பெட்டி கல்லாமை கிடந்துச்சு, வாங்கிட்டு வந்தேன். விடிய வெள்ளனயே எந்திரிச்சு, ரூமுக்கு எதுத்தாப்புல இருக்கே, அந்தா, அந்த மரத்துல கட்டித் தொங்க விட்டேன். நூல்ல கட்டுனா தெரியும்னு வாழைநாரை நனைச்சு, ஒவ்வொரு காம்பா, கொப்போட சேத்துக் கட்டுனேன். ரெண்டு மணி நேர வேலை. கீழ நின்னு பாத்தா எனக்கே ஆசையா இருந்துச்சு.

அது சப்பட்டை மரம் சார். சப்பட்டைன்னா காய் தட்டையா இருக்கும், அமுக்கி விட்ட மாதிரி. கல்லாமை நீளமா, நுனியில மூக்கோட இருக்கும். சப்பட்டை மரத்துல கல்லாமை தொங்குனா, மாங்காட்டுல பொறந்த எவனுக்கும் சிரிப்பு வந்துரும். எனக்கும் தெரியும். ஆனா பாக்கப் போறது யாரு? மெட்ராஸ்காரங்க. அவங்களுக்கு மாங்கா எல்லாம் மாங்காதான். ஐயாவுக்கா? அவருக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே. பெத்த மகனைத் தெரியாதவருக்கு மாங்காயா தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன். தோது அந்த மரத்துலதான் இருந்துச்சு, நிழல் நல்லா விழும், வீடியோவுக்கும் நல்லா வரும்.

நாலு மணிக்கு ஒருத்தரு எட்டிப் பறிச்சாரு. கொப்பு ஆடுச்சு. எங்க ஐயா கம்பைத் தூக்கிக்கிட்டு வந்தாரு, எப்பவும் போல. கத்துனாரு, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. எல்லாரும் மரத்தைச் சுத்தி ஓடுறாங்க, சிரிக்கிறாங்க. மரத்தடிக்கு வந்தவரு, அப்படியே நின்னுட்டாரு. அண்ணாந்து பாத்தாரு. கம்பைக் கீழ போட்டுட்டு ஒரு காயைப் பிடிச்சு இழுத்தாரு. மரத்துல இருந்து காய் பிச்சா காம்புல இருந்து பால் சீறும், கண்ணுல பட்டா எரியும். இதுல பால் வரல. காம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பாத்தாரு. இன்னொரு இலையை மோந்தாரு. மரத்தைச் சுத்தி வந்து பட்டையைத் தடவிப் பாத்தாரு. கெஸ்டெல்லாம் சிரிப்பை நிப்பாட்டிட்டாங்க.

நான் போயித்தான ஆகணும்? போனேன். என்னைப் பாத்தாரு. 'தம்பி, இலை சப்பட்டைங்குது. காய் கல்லாமைங்குது. எனக்கு ஒண்ணும் விளங்கல. இது என்ன மரம், நீ சொல்லு'ன்னாரு.

எல்லாரும் போனை என் பக்கம் திருப்பிட்டாங்க சார். சப்பட்டைன்னு சொன்னா, காயை நான் கட்டித் தொங்க விட்டது வெளிய வந்துரும். அத்தனை பேரு முன்னாடி. நான் என்ன பண்ணட்டும்? 'கல்லாமைதான்யா. வச்ச நாள்ல இருந்து இது கல்லாமை மரந்தான்'னு சொல்லிட்டேன்.

கையில இருந்த காயைக் கீழ வச்சாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. 'என் தோப்புல இந்த எடத்துல சப்பட்டை நிக்கும். நான் வச்சது. அப்ப இது என் தோப்பு இல்ல.'

கம்பைக் குனிஞ்சு எடுத்து, அந்தக் காயைப் பறிச்சவரு கையில குடுத்தாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. 'மன்னிச்சுக்கங்கய்யா. உங்க தோப்புன்னு தெரியாம வஞ்சு விரட்டிட்டேன். வயசாயிருச்சு'ன்னாரு. அப்புறம் கேட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்தக் கம்பை வாங்குன ஆளுதான் சார் ரிவ்யூக்காரன். சாப்பாடு தயாரா இருக்கு, கோழி அடிச்சாச்சு, ஒரு வாய் சாப்பிடாம பொண்டாட்டி பிள்ளையைக் காருல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். போயி எழுதிட்டான். காயைப் பறிச்சவன் அவன், அதையும் எழுதியிருக்கணும்ல?

அரைமணி நேரத்துல மறந்துருவாருன்னு இருந்தேன். மறக்கல சார். எல்லாத்தையும் மறந்த மனுசன் இதை மட்டும் மறக்கல. மறுநாள் காலையில அந்தக் காயெல்லாம் அவுத்துப் போட்டுட்டு, அவரைக் கூட்டிட்டுப் போயி மரத்தடியில நிறுத்தி, 'ஐயா, இது சப்பட்டைதான்யா, நான் பொய் சொல்லிட்டேன், இது உங்க தோப்புத்தான்'னு சொன்னேன். அழுகையே வந்துருச்சு எனக்கு. நான் ஒண்ணும் கல்லு இல்ல. அவரு என் தோளைத் தட்டிக் குடுத்து, 'நல்ல தோப்பு தம்பி. என் தோப்பும் இப்படித்தான் இருக்கும்'னாரு.

அதுல இருந்து தெனமும் கேட்டுக்குப் போறது, போறவன் வர்றவனை நிப்பாட்டி, சேவுகன் தோப்புக்கு எப்படிப் போகணும்னு கேக்குறது. அதனாலதான் கேட்டைப் பூட்டி வச்சிருக்கேன், இதைப் போயி அடைச்சு வச்சிருக்கான்னு பேசுறாங்க. வீட்டுல சோறு போட்டா சாப்பிட மாட்டாரு. 'அடுத்தவங்க வீட்டுல எத்தனை நாளைக்குங்க சாப்பிடுறது'ன்னு தட்டைத் தள்ளி வச்சுருவாரு. வள்ளி, கோயில் சோறுன்னு பொய் சொல்லி ரெண்டு வாய் ஊட்டுவா. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, ஆளே வரல எனக்கு. போன் பண்ணி, 'தாத்தா தொரத்துவாரா?'ன்னு கேப்பாங்க. 'இல்லங்க, இப்ப கும்பிடுவாரு'ன்னா சொல்ல முடியும்? ஆறு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த ஒரு மரத்தை மாத்திக் கட்டியிருந்தா எல்லாம் நல்லாப் போயிக்கிட்டு இருந்திருக்கும். நாலு மரம் தள்ளித்தான் சார் கல்லாமை நிக்குது.

இந்த வருசம் காய் பிடிச்சதும்தான் கடவுள் கண்ணைத் தெறந்தாரு. சோறு திங்கிறதில்லையா, பசிக்கும்ல? கீழ விழுந்து கெடக்குற காயைப் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டு, மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு திங்க ஆரம்பிச்சாரு. அடுத்தவங்க தோப்புன்னு நினைப்பு. யாராவது வந்தா மடியை மூடிக்கிட்டு ஓடுவாரு. எங்க ஐயா தொரத்தித்தான் நான் பாத்திருக்கேன், ஓடி நான் பாத்ததே இல்ல. ஒரு சனிக்கிழமை, திண்டுக்கல்ல இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக அவரைப் பாத்துட்டு, 'ஏய், திருடன் திருடன்!'னு கத்துச்சுக. அவரு ஓட, அதுக விரட்ட, ஒரே கூத்து. போகும்போது அந்தப் பிள்ளைக காருல ஏற மாட்டேன்னு அழுதுச்சுக. அப்ப எனக்குப் புரிஞ்சுபோச்சு, இது முந்தினதை விட நல்லா ஓடும்னு. முந்தி ஆளுக பயந்து ஓடணும். இப்ப விரட்டலாம். விரட்டுறதுக்குத்தான் சார் சனங்க ஆசைப்படுது.

மணி நாலாகப் போகுது. அந்தா, மேடமும் பிள்ளைகளும் வந்துட்டாங்க. இந்தாங்க, இந்த விசிலைப் பெரிய பிள்ளைகிட்ட குடுங்க. அந்தக் காசாலட்டு மரத்துக்குப் பின்னாடி வேட்டி தெரியுது பாருங்க, அங்கதான் நிக்கிறாரு. அடிக்கக் கூடாது, கல்லு விடக் கூடாது, அது மட்டும் சொல்லிருங்க. விசிலை ஊதிக்கிட்டுப் போனாப் போதும், ரெண்டு சுத்து ஓடுவாரு, பிடிபட்டுருவாரு. மடியில இருக்குற காயை அவரே எடுத்துக் குடுத்துருவாரு. கையெடுத்துக் கும்பிடுவாரு, அப்ப போட்டோ எடுத்துக்கங்க, நல்லா வரும்.

ஒண்ணே ஒண்ணு சார். பிடிபட்டதும், சேவுகன் தோப்பு எங்கிட்டு இருக்குன்னு கேப்பாரு. தெரியாதுன்னு சொல்லிருங்க. போன வாரம் ஒருத்தரு பாவம் பாத்து, 'ஐயா, இதுதான் உங்க தோப்பு'ன்னு சொல்லிட்டாரு. 'களவாணின்னு பிடிச்சீங்க, சரி. கேலி வேற பண்ணணுமா'ன்னு கேட்டுட்டு அழ ஆரம்பிச்சுட்டாரு. அழுதுட்டாருன்னா அன்னைக்கு முழுக்க ஓட மாட்டாரு சார்.